ரேஸ்கோர்ஸில் நடக்கும்போது அழுகை வந்துவிட்டால்?

கேள்வி:

மேடம், எனக்கு வயது 43. கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் உற்பத்திப் பிரிவு மேலாளர். 16 வருட சர்வீஸ். ஆறேழு மாதமாக ஷாப் ஃப்ளோரில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன். போன மாதம் ஒரு டிரெய்னி பையனை எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவன் வேலையை விட்டே போய்விட்டான். ஹெச்.ஆரில் கூப்பிட்டு, கம்பெனி செலவில் ஒரு கோச்சிடம் ஆறு செஷன் ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார்கள். அந்த கோச் போனில், "ரூமில் உட்கார வேண்டாம் சார், காலையில் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நடந்துகொண்டே பேசலாம்" என்றார். இது கோச்சிங்கில் தீருகிற விஷயம் இல்லை, சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்கள் என்கிறாள் என் மனைவி. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. 5 கிலோ இளைத்துவிட்டேன். அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவருடைய டிவிஎஸ் ஃபிப்டி இன்னும் போர்ட்டிகோவில்தான் நிற்கிறது. இந்த செஷன்களில் என்னதான் செய்வார்கள்? கோச்சா, தெரபிஸ்ட்டா? நான் பேசுவது கம்பெனிக்குப் போகுமா? ரேஸ்கோர்ஸில் எனக்குத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் நடப்பார்கள். பேசும்போது அழுகை வந்துவிட்டால் என்ன செய்வது?

பெயர் வேண்டாம், கோவை

பதில்:

வணக்கம். உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை விவரம் தெரிந்துகொள்ளக் கேட்டவை. இது மட்டும் பயந்து கேட்டது.

அறைக்குள் அழுகை வந்தால் ஒன்றும் ஆகாது. எதிரில் இருப்பவர் காத்திருப்பார். டிஷ்யூ டப்பாவை உங்கள் பக்கம் நகர்த்துவார். சில நேரம் அதைக்கூடச் செய்ய மாட்டார், ஏனென்றால் டிஷ்யூவை நீட்டினாலே சிலருக்கு "போதும், கண்ணைத் துடை" என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். நான் சைக்காலஜிஸ்ட்டாக வேலைக்கு வந்து 19 வருடம் ஆகிறது. என் முன்னால் அழுத ஆண்களில் பெரும்பாலானவர்கள் அழுத கையோடு "ஸாரி மேடம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா இறந்ததற்கு அழுதுவிட்டு யாரிடமோ மன்னிப்புக் கேட்கும்படி நம் ஆண்பிள்ளைகளை வளர்த்திருக்கிறோமே என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு கஷ்டப்படும்.

அழுகை வரும்போது "அழுகை வருகிறது, அடக்கிக்கொண்டிருக்கிறேன்" என்று அவரிடமே சொல்லலாம். "நீங்கள் நோட்டில் எழுதுவது எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது" என்று சொல்லலாம். "போன வாரம் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது" என்றும் சொல்லலாம். அங்கே எது சங்கடமாக இருக்கிறதோ அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் சொல்லாமல் அங்கேயே சொல்லிவிடுவது என்ற ஒரு பழக்கம் மட்டும் வந்துவிட்டால், அறையோ ரோடோ, கோச்சோ தெரபிஸ்ட்டோ, உங்களால் சமாளிக்க முடியும். நான் கீழே எழுதுவதில் பாதி இதைத்தான் சுற்றிச் சுற்றி வரும்.

ஆனால் யாரிடம் செஷனுக்குப் போவதாக இருந்தாலும் அதற்கு முன்னால், இந்த வாரமே உங்கள் வழக்கமான டாக்டரைப் பாருங்கள். மூன்று மணி விழிப்பு, 5 கிலோ எடைக் குறைவு, சட்டென்று வருகிற கோபம் மூன்றையும் அவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை, தைராய்டு, பி12 பார்க்கச் சொல்வார். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் ஆள் இளைப்பார், தூங்க மாட்டார், எரிந்து விழுவார். அதை விட்டுவிட்டு ஆறு மாதம் மனதைத் தோண்டிக்கொண்டிருந்தால் வீண்தான். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அடுத்த கேள்வி மனச்சோர்வு. மனச்சோர்வு என்றதும் மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆளைத்தான் நினைத்துக்கொள்கிறோம். ஆண்களிடம் அது பல நேரம் கோபமாகத்தான் வெளியே தெரியும். விடியலுக்கு வெகு முன்னாலேயே விழிப்பு வந்து, காலையில் பாரமாக இருந்து, சாயங்காலம் சற்று லேசாகிறது என்றால் அது எங்களுக்கு ஒரு முக்கியமான அடையாளம். கடிதத்தைப் படித்துவிட்டு உங்களுக்கு இன்ன நோய் என்று நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் உங்கள் மனைவி சொல்வது சரி என்று நினைக்கிறேன்.

நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்றையும் கேட்க வேண்டும். "இருந்து என்ன ஆகப் போகிறது" என்ற மாதிரி எண்ணம் அந்த மூன்று மணிக்கு வருகிறதா? வந்தால் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் வரை காத்திருக்காதீர்கள். 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே பணம் கேட்க மாட்டார்கள். நீங்கள் பார்க்கப் போகும் சைக்காலஜிஸ்ட்டும் முதல் நாளே இந்தக் கேள்வியை நேராகக் கேட்பார். நம்மைப் பார்த்தால் அப்படியா தெரிகிறது என்று திடுக்கிட வேண்டாம். எல்லோரிடமும் கேட்போம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. இருக்கிறவர்களுக்கு ஒருவரிடம் சொல்லிவிட்ட நிம்மதிதான் கிடைக்கும்.

இனி, அங்கே என்னதான் செய்வார்கள்?

சோபாவில் படுக்கச் சொல்ல மாட்டார்கள். இரண்டு நாற்காலி, நேருக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாகப் போட்டிருக்கும். 45 முதல் 60 நிமிடம், பெரும்பாலும் 50. முதல் செஷன் மற்றவற்றைப் போல இருக்காது, அதில் கேள்விகள் அதிகம். தூக்கம், பசி, குடி, மாத்திரை, வேலை, கல்யாணம், வீட்டில் யார் யார், இதற்கு முன்னால் குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்பார்கள். சிலர் உங்கள் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு ஒரு தாளில் படமாகவே வரைவார்கள். ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு படிவமும் தரலாம். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, எதிலாவது ஈடுபாடு இருந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 27. 10-ஐத் தொட்டாலே கூர்ந்து பார்ப்போம். அது பரீட்சை இல்லை. இரண்டு மாதம் கழித்து அதே படிவத்தை மறுபடி கொடுத்தால் எவ்வளவு மாறியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நாள் முடிந்து வெளியே வரும்போது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். "எல்லாவற்றையும் சொன்னேன், அவர் ஒரு வழியும் சொல்லவில்லையே" என்று தோன்றும். நம் ஊரில் கஷ்டத்தைச் சொன்னால் உடனே ஒரு அறிவுரை வந்துவிடும். மாமா சொல்வார், ஜோசியர் சொல்வார், டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் சொல்வார். அதனால் பணம் வாங்குகிறவர் இன்னும் பெரிய அறிவுரையாகச் சொல்வார் என்று எதிர்பார்த்துப் போகிறோம். அவர் செய்வது வேறு. அந்த டிரெய்னியைக் கத்திய நாளை எடுத்துக்கொள்வார். அன்று காலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், சாப்பிட்டீர்களா, அவன் செய்த தப்பைப் பார்த்ததும் மனதில் ஓடிய வாக்கியம் என்ன, உடம்பில் எங்கே சூடு ஏறியது, கத்தி முடித்ததும் என்ன தோன்றியது என்று நிமிடம் நிமிடமாகக் கூடவே நடந்து பார்ப்பார். "இவனுக்கு இதுகூடத் தெரியவில்லை" என்று நீங்கள் நினைத்ததாகச் சொன்னால், அந்த வாக்கியத்தை இதற்கு முன் உங்களிடம் யார் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்கக்கூடும். அந்த இடத்தில் நீங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பீர்கள். அவரும் பேச மாட்டார். அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்பட வேண்டாம்.

வீட்டுக்கு வேலையும் கொடுப்பார்கள். ஒரு வாரத்துக்குக் கோபம் வந்த நேரங்களை எழுதி வரச் சொல்லலாம். அப்பா இருந்தபோது செய்து, இப்போது விட்டுவிட்ட ஒரு காரியத்தை, சனிக்கிழமை சந்தைக்குப் போவது மாதிரி ஒன்றை, திரும்பத் தொடங்கச் சொல்லலாம். செய்யாமல் போனால் திட்டு கிடையாது, ஆனால் ஏன் செய்ய முடியவில்லை என்று பேசுவார்கள். சில செஷன் முடிந்த அன்று உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். அதனால் செஷன் முடிந்த கையோடு புரொடக்‌ஷன் மீட்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள். அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

எத்தனை செஷன் என்றால், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிபிடி முறையில் வாரம் ஒன்றாக 12 முதல் 20 வரை போவது வழக்கம். நான்கைந்து தடவைக்குப் பிறகும் ஒரு அசைவும் தெரியவில்லை என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். நல்லவராக இருந்தால் முகம் சுளிக்க மாட்டார். வழியை மாற்றுவார், இல்லையென்றால் வேறு ஒருவரிடம் அனுப்புவார். மாத்திரை தேவை என்று பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார், ஏனென்றால் எங்களால் மாத்திரை எழுத முடியாது. மாத்திரையும் பேச்சும் சேர்ந்து போவதில் தவறே இல்லை.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். தமிழில் பேசுகிறவரைத் தேடுங்கள். ஆங்கிலம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, கம்பெனியில் பேசுவீர்கள். ஆனால் அப்பாவிடம் நீங்கள் ஆங்கிலத்தில் பேசியிருக்க மாட்டீர்கள். சிரமமான விஷயம் வரும்போது நன்றாகப் படித்தவர்கள் ஆங்கிலத்துக்குத் தாவுவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே வலி குறைவு. அங்கேயே பேசிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது.

யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் போர்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அது 1992-ஆம் ஆண்டு சட்டத்தின்படி அமைந்தது. பதிவு எண்ணைக் கேட்கலாம், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மனநல ஆலோசனை தரும் கவுன்சிலர் என்று போட்டிருந்தால், என்ன படித்தார், எங்கே பயிற்சி பெற்றார், சிக்கலான கேஸ் வந்தால் யாரிடம் கலந்து பேசுவார் என்று கேளுங்கள். கட்டணம் எவ்வளவு, கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் பணம் உண்டா என்பதையும் முதல் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. இன்ஷூரன்ஸை நம்பி இருக்க வேண்டாம். மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது, ஆனால் அட்மிட் ஆகாமல் வந்து பேசிவிட்டுப் போகும் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் கொடுப்பதில்லை.

சரி, கோச்.

கோச்சிங்கை நான் குறைத்துப் பேச மாட்டேன். என்னிடம் வந்து தேறிய இரண்டு மூன்று பேரை நானே நல்ல கோச்சுகளிடம் அனுப்பியிருக்கிறேன். கோச் இன்றிலிருந்து முன்னோக்கிப் பார்ப்பவர். முதல் செஷனில் "ஆறு செஷன் முடியும்போது எது மாறியிருக்க வேண்டும்?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். உங்களுக்குக் கீழே இருப்பவர்கள், மேலே இருப்பவர்கள், சக மேலாளர்கள் எல்லோரிடமும் உங்களைப் பற்றிக் கருத்து வாங்கித் தொகுத்துத் தரலாம். அதைப் படிக்கிற நாள் கொஞ்சம் கஷ்டமான நாளாக இருக்கும். அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒரு சம்பவம், ஒரு முயற்சி, அடுத்த இரண்டு வாரத்தில் செய்யப்போகும் ஒரு காரியம் என்று போகும். தப்பு செய்தவனிடம் எப்படிப் பேசுவது, கோபம் தலைக்கேறும் முன் எப்படி ஃப்ளோரை விட்டு வெளியே வருவது என்பதெல்லாம் நல்ல கோச்சிடம் நிஜமாகவே கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் கோச் ஆவதற்குச் சட்டப்படி எந்தத் தகுதியும் தேவையில்லை. 1995-இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, ஐசிஎஃப், மூன்று நிலைகளில் சான்றிதழ் தருகிறது. 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம் இருந்தால் ஏசிசி, 500 மணி நேரம் என்றால் பிசிசி, 2,500 மணி நேரம் என்றால் எம்சிசி. உங்கள் கோச்சிடம் இதில் எது இருக்கிறது என்று கேளுங்கள்.

கம்பெனிக்குப் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தெரபிஸ்ட் விஷயத்தில் பதில் எளிது. உங்களைப் பற்றிய தகவலை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 2017 சட்டத்தின் 23-ஆவது பிரிவில் உங்கள் உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து, நீதிமன்ற உத்தரவு, குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமை மாதிரியான சில இடங்களில் மட்டும் அவர் வெளியே சொல்ல வேண்டி வரும். அதையும் முதல் நாளே உங்களிடம் சொல்லிவிடுவார். கோச் அந்தச் சட்டத்துக்குள் வருபவர் இல்லை. போதாததற்கு, அவருக்குப் பணம் கொடுப்பது உங்கள் கம்பெனி. அப்படியென்றால் அந்த நடையில் நீங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை, ஹெச்.ஆரும் கூடவே வருகிறது. இது தவறான ஏற்பாடு இல்லை, நிறைய கம்பெனிகளில் நடப்பதுதான். ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். முதல் செஷனுக்கு முன்பே கோச், ஹெச்.ஆர், நீங்கள் மூவரும் உட்கார்ந்து, கம்பெனிக்கு என்ன போகும் என்று ஒரு மின்னஞ்சலிலாவது முடிவு செய்துகொள்ளுங்கள். எத்தனை செஷன் வந்தார், என்ன இலக்கு என்பது போகலாம். என்ன பேசினார் என்பது போகக் கூடாது. இதைக் கேட்டதும் கோச் நெளிந்தால் அவரிடம் அப்பாவைப் பற்றிப் பேசாதீர்கள்.

என்னைக் கேட்டால் முதலில் சைக்காலஜிஸ்ட். ஹெச்.ஆரிடம் "கோச்சிங்கை இரண்டு மாதம் கழித்துத் தொடங்குகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. தள்ளிப்போட முடியாது என்றால் இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும், ஆனால் எதை எங்கே பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரில் நடப்பது கோச்சிடம், மூன்று மணி விழிப்பு தெரபிஸ்ட்டிடம். நல்ல கோச் என்றால் உங்கள் தூக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதுமே "சார், இதற்கு நான் ஆள் இல்லை" என்று அவரே சொல்லுவார்.

நடந்துகொண்டே பேசுவதைப் பற்றி நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கோ அது மிகவும் பிடித்த முறை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இது புதிதாக வந்த நாகரிகம் இல்லை. 1910 ஆகஸ்டில் குஸ்டாவ் மாலர் என்ற பெரிய இசையமைப்பாளர், மண வாழ்க்கையில் வந்த நெருக்கடியோடு சிக்மண்ட் ஃபிராய்டைப் பார்க்கப் போனார். போவதா வேண்டாமா என்று தயங்கி, சந்திப்பைப் பல தடவை தள்ளிப்போட்டவர். ஃபிராய்டு விடுமுறையில் இருந்ததால் இருவரும் நெதர்லாந்தின் லைடன் நகரத் தெருக்களில் சுமார் நான்கு மணி நேரம் நடந்தபடியே பேசினார்கள். அது இருக்கட்டும், தைப்பூசத்துக்கு நம் பக்கத்திலிருந்து பழனிக்கு நடந்து போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். தாராபுரம் தாண்டிய பிறகு கூட நடப்பவர் சொன்ன கதைகளை அவர் சொந்த வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார். பக்கத்தில் நடப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. மௌனம் வந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, ரோடு இருக்கிறது, மரம் இருக்கிறது. அப்பாக்களும் மகன்களும் வண்டியில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து போகும்போதுதானே கொஞ்சமாவது பேசியிருக்கிறார்கள்.

எதிரில் உட்கார்ந்தால் வாய் திறக்காத ஆண்கள், பதின்வயதுப் பிள்ளைகள், உடம்பை ஓரிடத்தில் வைக்க முடியாமல் பதற்றப்படுகிறவர்கள் எல்லோருக்கும் நடை நன்றாக உதவுகிறது. மனச்சோர்வில் காலே எழாதவர்களுக்கு நடப்பதே சிகிச்சையில் பாதி. வெளியே போவதே சிகிச்சையாக இருப்பதும் உண்டு. மேம்பாலத்தில் வண்டி ஓட்டப் பயப்படுகிறவரோடு மேம்பாலத்துக்கே போவோம். முதல் வாரம் கீழே நின்று பார்ப்போம், அடுத்த வாரம் பாதி தூரம். அறைக்குள் உட்கார்ந்து பேசிப் பேசி அந்தப் பயம் போகாது.

ஆனால் வெளியே போனால் கதவு இல்லை. கதவு செய்கிற வேலையை நாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இதை நான் ஒரு தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன்னால் ஓர் இளம்பெண்ணோடு குளக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். எதிரே அவளுடைய பெரியப்பா வந்துவிட்டார். "இது யாரும்மா?" என்றார். என்ன சொல்வது என்று நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் அதற்குப் பிறகு இரண்டு மாதம் வரவில்லை. அந்தத் தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து வெளியே காலடி வைக்கும் முன் அறையில் உட்கார்ந்து, தெரிந்தவர் வந்தால் என்ன செய்வது என்று பேசாமல் நான் யாரோடும் நடந்ததில்லை. என் வழக்கம் இது: தெரிந்தவர் வந்தால் நான் பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு அடி முன்னால் போய்விடுவேன். அறிமுகப்படுத்துவதா இல்லையா என்பது உங்கள் இஷ்டம். "தெரிந்தவங்க" என்று ஒரு வார்த்தை போதும். நீங்கள் போய் அந்தப் பேச்சை முடித்துக்கொண்டு வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர்வதா வேண்டாமா என்று கேட்பேன்.

உங்கள் கோச்சிடமோ, நாளைக்கு நடக்கலாம் என்று சொல்கிற தெரபிஸ்ட்டிடமோ இதை அப்படியே கேளுங்கள். அழுகை வந்தால் நிற்பதா, பெஞ்சில் உட்காருவதா, நடந்துகொண்டே இருப்பதா என்றும் கேளுங்கள். நான் வேகத்தைக் குறைத்து, ஆட்கள் குறைவான பக்கமாகத் திரும்பிவிடுவேன். பெரும்பாலானவர்கள் நடந்துகொண்டே அழுவார்கள். பக்கத்தில் போகிறவர்கள் கவனிப்பது நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு. அவரவர் காதில் அவரவர் இயர்போன்.

ஆனாலும் காலை ஆறரை மணி ரேஸ்கோர்ஸ் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். அந்த நடைபாதை ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர், பேசிக்கொண்டே மெதுவாக நடந்தால் அரை மணிக்கு மேல் ஆகும், ஒரு செஷனுக்குக் கச்சிதமான தூரம், மர நிழலும் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் கோவைத் தொழில் வட்டாரம் பாதி அங்கேதான் நடக்கிறது. உங்கள் சப்ளையரும் உங்கள் எம்.டி.யும் எதிரே வரக்கூடிய இடத்தில் அப்பாவைப் பற்றி உங்களால் பேச முடியாது. வார நாளில் பத்து மணிக்கு மேல் போங்கள், அல்லது வேறு இடம் கேளுங்கள். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். ஆணும் பெண்ணுமாக நடந்தால் நம் ஊரில் கண்கள் திரும்பும். தெரபிஸ்ட் பெண்ணாக இருந்தால் உங்களுக்கோ உங்கள் மனைவிக்கோ அது எப்படி இருக்கும் என்று பேசிக்கொண்டு முடிவு செய்யுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

முட்டி வலி, பிரஷர், இதய மாத்திரை எதுவாக இருந்தாலும் நடக்கத் தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள். மழை வந்தால் எங்கே போவது, தெருநாய் துரத்துகிற பாதையா, கழிப்பறை பக்கத்தில் இருக்கிறதா, இருவர் கையிலும் தண்ணீர் இருக்கிறதா என்பதெல்லாம் சின்ன விஷயம்தான், ஆனால் பாதி நடையில் இவை பேச்சைக் கெடுத்துவிடும். வேகம் உங்களுடையது. மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், குறைக்கச் சொல்லுங்கள். கடைசி ஐந்து நிமிடம் எங்காவது உட்கார வேண்டும். ஆழமான பேச்சோடு நேராக பார்க்கிங்குக்குப் போய் வண்டியை எடுக்கக் கூடாது.

முதல் செஷன் எக்காரணம் கொண்டும் வெளியே வேண்டாம். அது அறையில்தான் நடக்க வேண்டும், தெரபிஸ்ட் என்றாலும் கோச் என்றாலும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிற காலத்திலும், விபத்து, வன்முறை மாதிரியான பழைய அதிர்ச்சிகளைத் தோண்டுகிற செஷனிலும் நான் வெளியே கூட்டிப்போவதில்லை. நடையில் தொடங்கிவிட்டு ஒரு நாள் "இன்றைக்கு உள்ளேயே உட்காரலாமா?" என்று கேட்கவும் உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. என்னிடம் வந்தவர்களில் பலர், மிக முக்கியமான விஷயத்தைப் பேச வந்த அன்று அப்படிக் கேட்டவர்கள்தான்.

ஒரு விஷயம் பாக்கி. உங்கள் கடிதத்தில் கம்பெனி, கோச், ஹெச்.ஆர் பற்றியே பெரும்பாலான வரிகள். அப்பாவுக்கு இரண்டே வாக்கியம், அதிலும் ஒன்று வண்டிக்கு. ஒரு வருடமாகியும் ஒருவர் வண்டி போர்ட்டிகோவில் நிற்பதில் நோய் எதுவும் இல்லை. விற்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் கேட்காதீர்கள். ஆனால் அதை நீங்கள் கடைசியாக எப்போது ஸ்டார்ட் செய்தீர்கள், யாராவது தொட்டால் என்ன செய்கிறீர்கள், அந்தப் பையனைக் கத்திய வாரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களிடம் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது. நான் கேட்க முடியாது. நீங்கள் போய் உட்காரும் அறையில் இருப்பவர் கேட்பார்.

முதல் நாள் எங்கே தொடங்குவது என்று திணறினால், இந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பிய அதே போனில் திறந்து அவருக்குப் படித்துக் காட்டுங்கள். வண்டி வருகிற வரியைத் தாண்டிப் போய்விடாமல் படியுங்கள்.